நான் போட்ட கட்டு

"கையை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?"

இந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்காத ஆள் கிடையாது. பெற்றவள் கேட்டாள், கட்டியவன் கேட்டான், சலூனுக்கு வருகிறவர்கள்கூடக் கேட்டுவிட்டார்கள். முடி வெட்டி, பின்கண்ணாடி காட்டி, துணியை உதறி, "சரி, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிய பிறகும், வாசல்வரை கத்தரியோடு பின்னாலேயே போய், பிடரியில் தப்பித்துக் கிடக்கும் ஒரே ஒரு முடியைக் கத்தரித்துவிட்டுத் திரும்புகிறவள் அவள். இன்றைக்குக் கேட்டவன் தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டிக் கேட்டான்.

"திரைச்சீலையில நூல் தொங்குதுடா."

"தொங்கட்டும். அதுக்கும் ஆபரேஷனா?"

"அசிங்கமா இருக்கே."

"நான் இருக்கற இருப்பைவிடவா?"

பக்கத்துக் கட்டில் பெரியவர் சிரித்தார். கோர்ட்டு வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகெலும்பில் ஆபரேஷன். சிரித்தால் வலிக்கும். "ஐயோ" என்பார், மறுபடியும் சிரிப்பார். அக்கா நூலைக் கத்தரித்துவிட்டுத்தான் கத்தரியைக் கைப்பைக்குள் போட்டாள்.

தம்பி இருந்த இருப்பும் அப்படித்தான். பாதித் தலையில் முடி, பாதித் தலையில் முள். வலது காதுக்கு மேலே ஒரு மெல்லிய குழாய் மண்டையிலிருந்து வெளியே வந்து, கம்பத்தில் மாட்டிய சிமிழ் வழியாக ஒரு பைக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுவது மூளைக்குள் ஊறுகிற நீர். மற்றவர்களுக்கு அது தானாக வடிந்துவிடும். இவனுக்குப் பிறவியிலேயே வடிய வழியில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே தலைக்குள்ளிருந்து, தோலுக்கு அடியில், கழுத்து வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் இறக்கிவிட்டார்கள். அதனால் வீட்டில் அவன் பேரே குழாய்தான். பள்ளிக்கூடத்தில் வேறு எவனாவது அப்படிக் கூப்பிட்டால் அக்கா உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவள் மட்டும் கூப்பிடலாம்.

காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் அந்தக் குழாயின் வால்வு இருந்த இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முடிவெட்டுக்காரர்கள் எல்லாரும் அவன் தலையில் கை வைக்கமாட்டோம் என்றார்கள். "நான் வெட்டறேன்" என்று சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தவள்தான் அக்கா. அன்றைக்கு எடுத்த கத்தரியை இன்னும் கீழே வைக்கவில்லை. சலூன், நாலு நாற்காலி, உதவிக்கு இரண்டு பெண்கள் எல்லாமே அந்த ஒரு மண்டையிலிருந்து வளர்ந்ததுதான்.

சில மாதங்களுக்கு முன்னால் பழைய குழாய் அடைத்துக்கொண்டது என்று புதிது மாற்றினார்கள். மாற்றியதில் கிருமி ஏறிவிட்டது. ஆரம்பத்தில் வெறும் வயிற்று வலிதான். "கண்டதைத் தின்னிருப்பான்" என்று எல்லாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அப்புறம் காய்ச்சல், தலைவலி, வாந்தி. கழுத்தில் குழாய் போகிற பாதையில் ஒரு சிவப்புக் கோடு. பெரிய டாக்டர் அந்தக் கோட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பேர்தான் பெரிய டாக்டர், ஆள் அக்காவின் தோள் உயரம்கூட இல்லாத அம்மாள்.

"மருந்து மட்டும் குடுத்தா போதாது. இந்தக் கிருமி நம்ம எல்லார் தோல்லயும் குடியிருக்கறதுதான். தோல்ல இருக்கறவரைக்கும் சாது. பிளாஸ்டிக்கைக் கண்டுச்சுன்னா வீடு கட்டிக்கும். பாசி மாதிரி வழவழன்னு ஒண்ணைப் போத்திக்கிட்டு உள்ள உக்காந்துக்கும். மருந்து மேலயே வழுக்கிட்டுப் போயிடும். குழாயை எடுத்தாகணும்."

"எடுத்துட்டா நீர் எப்படி டாக்டர் வடியும்?"

"கொஞ்ச நாளைக்கு வெளிய, பைக்குள்ள. ஊசில மருந்து போகட்டும். நீரை அப்பப்ப எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவோம். தட்டுல வச்சுப் பார்ப்பாங்க, கிருமி முளைக்குதான்னு. மூணு தடவை ஒண்ணும் முளைக்கலேன்னா, அந்தப் பக்கம் புதுக் குழாய்."

"அதுக்குள்ள என் குழந்தை பொறந்துடுமா டாக்டர்?" என்று கேட்டான் தம்பி.

அவன் பெண்டாட்டிக்கு நிறைமாதம். டாக்டர் விரல் விட்டு எண்ணவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "உன் குழந்தையும் என் கிருமியும் ஒத்துழைச்சா, நீ வீட்டுல இருப்ப" என்று மட்டும் சொன்னார். அதைத் தம்பி கல்லில் வெட்டின எழுத்தாகப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்த அந்தக் குழாய்க்கு ஆயிரம் சட்டம். சிமிழ் எப்போதும் காதுக்கு நேராக இருக்க வேண்டும். தாழ்ந்தால் நீர் மளமளவென்று இறங்கிவிடும். உயர்ந்தால் நின்றுவிடும். எழுந்து உட்காருவதானாலும், கட்டிலை உயர்த்துவதானாலும் முதலில் சிஸ்டர் வந்து குழாயை மூட வேண்டும். அந்த வார்டின் தலைமை நர்ஸ் ஒரு மட்டப்பலகையோடு வந்து, கொத்தனார் மாதிரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு காதையும் சிமிழையும் பார்ப்பார். தம்பி அவருக்கு மேஸ்திரி சிஸ்டர் என்று பேர் வைத்தான். அது அவர் காதிலேயே விழுந்தது.

"மேஸ்திரின்னா மேஸ்திரிதான். செவுரு கோணினா எனக்கில்ல, உனக்குத்தான் நஷ்டம்" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். குழாய் வெளிய வர்ற இடத்துல போட்டிருக்கற கட்டை யாரும் தொடக் கூடாது. பிரிக்கறதும் நான்தான், ஒட்டறதும் நான்தான். கிருமிக்கு உள்ள போற வாசல் அது."

"நான் ஏன் சிஸ்டர் தொடறேன்?" என்றாள் அக்கா. அப்போது அவள் கை தலையணை உறையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறையாக நீர் எடுத்துக்கொண்டு போன நாள். முதல் இரண்டும் சுத்தம் என்று ஏற்கெனவே வந்துவிட்டது. மத்தியான நேரம், சிஸ்டர்கள் எல்லாம் வேறு வார்டிலிருந்து வந்த ஒரு அவசரக் கேஸைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"அக்கா."

"என்னடா?"

"அரிக்குது."

"எங்க?"

"கட்டுக்குள்ள. எறும்பு ஊர்ற மாதிரி. ரெண்டு நாளா சொல்றேன், அந்த மேஸ்திரியம்மா 'முடி வளருது, அப்படித்தான் இருக்கும்'ங்குது. தாங்க முடியலக்கா."

அக்கா குனிந்து பார்த்தாள். குழாய் வெளியே வரும் இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டர். அதன் ஓரத்தில் புதிதாக முளைத்த முடி முட்டி முட்டி, ஒரு மூலை உரிந்து எழும்பியிருந்தது. எழும்பிய மூலை. அவள் கண்ணுக்கு அது தொங்கும் நூலைவிட மோசம்.

"சிஸ்டர் வரட்டும்டா."

"வந்து? மறுபடி 'அப்படித்தான் இருக்கும்'. நீ வெட்டாத முடியா என் மண்டையில? மூலையில நாலு முடி. சுத்தம் பண்ணி ஒட்டிவிடு. உன் கை பஞ்சு மாதிரிக்கா."

எல்லாம் அந்தப் பஞ்சு என்ற வார்த்தையால் வந்த வினை. கட்டில் தலைமாட்டில் இருந்த கை கழுவும் மருந்தைக் கத்தரியில் ஊற்றித் துடைத்தாள். தன் கையிலும் தேய்த்துக்கொண்டாள். மூலையைத் தூக்கி நாலு முடி வெட்டப் போனவளுக்கு, நாலாவது முடிக்குப் பக்கத்தில் ஐந்தாவது தெரிந்தது. உரியாத இடமும் உரிந்தது. கடைசியில் பிளாஸ்டர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அப்போதும் கை நிற்கவில்லையே! டிராயரில், கையில் ஊசி குத்திய இடத்துக்கென்று வைத்திருந்த அதே மாதிரிப் பிளாஸ்டர் ஒன்று உறையோடு இருந்தது. சுற்றிலும் முடியைச் சீராக வெட்டி, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, குழாய் வளையாமல், ஒரு சுருக்கம் விழாமல் புதியதை ஒட்டினாள். பழைய பிளாஸ்டரின் மேல் சிஸ்டர் தேதி எழுதி ஒட்டிய சின்ன வெள்ளைச் சீட்டு இருந்தது. அதையும் நகத்தால் கிழியாமல் உரித்து, இருந்த இடத்திலேயே ஒட்டினாள். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. சீட்டு இல்லாவிட்டால் மொட்டையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அடடா!" என்றார் பெரியவர். "தொழில்னா இது தொழில். சிஸ்டரே இப்படி ஒட்டலியேம்மா!"

"சொர்க்கம்" என்றான் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு.

அக்காவுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் மேஸ்திரி சிஸ்டர் மட்டப்பலகையோடு வந்தார், காதைப் பார்த்தார், சிமிழைப் பார்த்தார், கட்டையும் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று அக்காவும் நினைத்தாள்.

சில நாள் கழித்து, காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் நாலைந்து சின்ன டாக்டர்கள்.

"மூணாவதும் சுத்தம். ஒண்ணும் முளைக்கல."

தம்பி கையைத் தூக்கி வெற்றி வெற்றி என்று ஆட்டினான். "அசையாத!" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்தது.

"நாளைக்குக் காலைல தியேட்டர். இடது பக்கம் வைக்கறோம்." டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பினார். "அந்த நீர் எடுத்ததுக்கு அப்புறம் காய்ச்சல்?"

"இல்ல டாக்டர்."

"கசிவு? குழாய் எங்கயாவது கழண்டுச்சா? கட்டு பிரிஞ்சுதா?"

"இல்லவே இல்ல டாக்டர். நான் போட்ட கட்டு. தேதி பாருங்க, போட்டது போட்டபடி இருக்கு. இத்தனை நாள் ஒரு சுருக்கம் விழல."

"அதான், நீங்க போட்டா கேள்வி கிடையாது" என்று டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். சிஸ்டரின் முகத்தில், பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கின பெண்ணின் முகம்.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பேர் போனார்கள். அவளுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. நீர் எடுத்ததுக்கு அப்புறம். அப்புறம்தானே அவள் கை வைத்தாள்? சுத்தம் என்று வந்தது, அவள் தொடுவதற்கு முன்னால் எடுத்த நீர். அதற்குப் பிறகு அந்த வாசலில் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எந்தத் தட்டும் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். தண்ணீர் பாட்டில்களை உயர வாரியாக அடுக்கினாள். வெளியே போய் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சுவரோரம் இருந்த நாற்காலிகளை ஒரே கோட்டில் இழுத்துப் போட்டாள். கூட்டிக்கொண்டிருந்த அம்மாள், "நான் ஏற்கெனவே போட்டாச்சும்மா" என்றாள். கைப்பைக்குள் போன் அடித்தது. தம்பி பெண்டாட்டி.

"அண்ணி, நாளைக்காமே! அவர் சொன்னார். அப்போ வந்துடுவார்ல?"

"வந்துடுவான்மா. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"இடுப்பு விட்டு விட்டு இழுக்குது. டாக்டரம்மா இன்னும் நாள் இருக்குங்கறாங்க. உள்ள இருக்கறது அப்பாவுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு போல. ஏன் அண்ணி ஒரு மாதிரி பேசறீங்க?"

"சிக்னல் சரியில்லம்மா."

அறைக்கு வந்து திரையை இழுத்து விட்டாள்.

"டேய் குழாய். அந்தக் கட்டை நான் மாத்தினதைச் சொல்லிடணும்டா."

"யார்கிட்ட?" தம்பியின் கண் விரிந்தது. "மேஸ்திரிகிட்டயா? பைத்தியமா உனக்கு?"

"டாக்டர் கேட்டாங்கல்ல, கட்டு பிரிஞ்சுதான்னு?"

"காய்ச்சல் இருக்கா எனக்கு? தலைவலி இருக்கா? இத்தனை நாள் ஆச்சு, ஒரு மண்ணும் ஆகல. சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? மறுபடி நீர், மறுபடி தட்டு, மறுபடி 'முளைக்குதான்னு பார்ப்போம்'. அவளுக்கு இடுப்பு வலி வந்துடும். நான் இங்க சொட்டிக்கிட்டுக் கிடப்பேன்."

"புதுக் குழாய்லயும் கிருமி ஏறிச்சுன்னா?"

"ஏறாது."

"நீ கிருமியைக் கேட்டியா?"

"நீ கேட்டியா, ஏறுவேன்னு அது சொல்லிச்சா?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து தொண்டையைச் செருமும் சத்தம். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதேம்மா" என்றார் பெரியவர். "கோர்ட்டுல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னவன்தான் உள்ள போவான். சும்மா இருக்கற சங்கை ஏன் ஊதிக் கெடுக்கணும்? பார்த்த சாட்சி நான் ஒருத்தன். எனக்குக் கண் சரியாத் தெரியாது."

"கேளு, பெரியவங்க சொல்றாங்க" என்றான் தம்பி. பிறகு குரல் இறங்கியது. "அக்கா, நான் கேட்டுத்தானே நீ செஞ்ச? அப்போ நான் கேட்கறேன், சொல்லாத. என் குழந்தை முதல்ல என் மூஞ்சியைப் பார்க்கணும்க்கா. அவ்வளவுதான் கேட்கறேன்."

அக்கா அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. போர்வை மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். இந்தத் தலைக்காகக் கற்றுக்கொண்ட கை. வால்வு மேட்டைச் சுற்றி ஒரு கீறல் விழாமல் எத்தனை வருஷம் வெட்டியது. "பஞ்சு மாதிரி" என்றானே, பஞ்சில் கிருமி இருக்காதா என்ன? தோலில் எல்லாம் சாதுவாகக் குடியிருக்கும் என்று டாக்டர் சொன்னாரே, இந்தப் பத்து விரலிலும் என்னென்ன குடியிருக்கிறதோ! திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்னால் தம்பி, "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டது வராந்தாவின் பாதிவரை கேட்டது.

மேஸ்திரி சிஸ்டர் மருந்து அறையில் ஊசி மருந்துகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், தம்பி தலையில இருக்கற கட்டு..."

"நாளைக்குத் தியேட்டர்ல பிரிப்பாங்கம்மா. கவலைப்படாதீங்க."

"அது நீங்க போட்டது இல்ல."

சிஸ்டர் திரும்பவே இல்லை. "அதுல என் கையெழுத்து இருக்கேம்மா."

"கையெழுத்து உங்களுது. கட்டு நான் போட்டது."

இப்போது திரும்பினார். அக்கா ஒரே மூச்சில் சொன்னாள். அரிப்பு, மூலை, கத்தரி, டிராயர், சீட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தச் சீட்டைக்கூடவா உரிச்சு ஒட்டினீங்க?"

"மொட்டையா இருந்துச்சு சிஸ்டர்."

"மொட்டையா!" சிஸ்டரின் குரல் நடுங்கியது. திட்டுவார் என்று நின்ற அக்காவுக்கு அந்த நடுக்கம் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. "நான் போட்ட கட்டுன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேனேம்மா. அவங்களும் நம்பினாங்களே. நாளைக்கு அந்தப் பிள்ளை தலையைத் திறந்திருப்பாங்க, என் வார்த்தையை நம்பி. உங்களுக்கு அப்படி என்னம்மா அவசரம்? கை சும்மாவே இருக்காதா உங்களுக்கு?"

"இருக்காது சிஸ்டர்" என்றாள் அக்கா.

பெரிய டாக்டர் வந்து கேட்ட கேள்விகளுக்கு அக்கா நின்ற இடத்திலேயே பதில் சொன்னாள். கையுறை? இல்லை. கத்தரி? கடையில் வெட்டுகிற கத்தரி. குழாயை இழுத்தீர்களா? இல்லை. ஈரமாக இருந்ததா? இல்லை. எவ்வளவு நேரம் திறந்திருந்தது? "ஒரு ஆளுக்குக் கிருதா எடுக்கற நேரம் டாக்டர்."

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு கட்டைப் பிரித்துப் பார்த்தார். "சிவப்பு இல்ல. சீழ் இல்ல." நிமிர்ந்தார். "நாளைக்கு ஆபரேஷன் இல்ல. இப்போ நீர் எடுத்து அனுப்பறோம். அது சுத்தம்னு வரட்டும்."

"டாக்டர், ப்ளீஸ் டாக்டர்" என்றான் தம்பி.

"எனக்கும் உன்னை இங்க வச்சிருக்க ஆசை இல்லப்பா. இந்தக் குழாய் வெளிய இருக்கற ஒவ்வொரு நாளும் அதுவே ஒரு ஆபத்து. ஆனா உள்ள கிருமி இருக்கறப்ப புதுசை வச்சா, அதுவும் வீணாப் போகும், நீயும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு ஆபத்துல எது சின்னதுன்னு பார்க்கறேன், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து தம்பி அக்காவோடு பேசவில்லை. பேசவேண்டியது இருந்தால் பெரியவர் வழியாகப் பேசினான்.

"ஐயா, உங்க பக்கத்துல ஒரு அம்மா நிக்கறாங்களே, அவங்ககிட்டத் தண்ணி வேணும்னு சொல்லுங்க."

"தண்ணி வேணுமாம்மா" என்றார் பெரியவர், கோர்ட்டுக் குரலில்.

"நான் செவிடு இல்லன்னு சொல்லுங்க ஐயா."

"அவங்க செவிடு இல்லையாம்பா."

"வாய்தான் நீளம்னு எனக்கும் தெரியும்னு சொல்லுங்க."

"இதை நான் சொல்லமாட்டேன்ப்பா. எனக்கு முதுகு வலிக்குது."

அக்கா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். விரல் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தாள். திரைச்சீலையில் இன்னொரு நூல் இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து யாராவதா? இல்லை, சாப்பாட்டு வண்டி. இப்போதாவது? இல்லை, துணி எடுக்கிறவர்.

கல்ச்சர் முடிவுக்கு முன்னால் குழந்தை வந்துவிட்டது.

காலை வெயில் கட்டில்மேல் ஏறும் நேரத்தில் தம்பியின் போன் அடித்தது. திரையில் முதலில் கூரைதான் தெரிந்தது, அப்புறம் யாருடைய முழங்கையோ, அப்புறம் ஒரு துணிச் சுருள். அதற்குள் சிவப்பாக, கோபமாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு முகம்.

"பொண்ணு!" என்று அவன் பெண்டாட்டியின் களைத்த குரல். "உங்க மாதிரியே கத்தறா, கேளுங்க."

"ஏய்!" என்று தம்பி விருட்டென்று எழும்பினான்.

சிமிழில் சொட்டிக்கொண்டிருந்த நீர் சரம் பிடித்தது. அக்காவின் கை, குழாயை மூடித் திறக்கிற திருகை நோக்கி ஓடியது. பாதியில் நின்றது. அடுத்த கணம் இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துத் தலையணையில் அமுக்கினாள். "படுடா! சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க!"

மேஸ்திரி சிஸ்டர் ஓடி வந்தார், திருகை மூடினார், மட்டப்பலகை பிடித்தார், திருகைத் திறந்தார். "தலை வலிக்குதா? வாந்தி வருதா?" இல்லை என்று இரண்டு முறை அவன் வாயால் சொல்லக் கேட்டபிறகுதான் அக்காவைப் பார்த்தார். அவள் கை இன்னும் தம்பியின் தோளில்தான் இருந்தது. திருகில் இல்லை.

"ம்" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான்.

போனில் குழந்தை கத்தியது. தம்பி மல்லாந்து படுத்தபடி, போனை முகத்துக்கு நேராக மேலே பிடித்துக்கொண்டு அழுதான். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. "நீதான் அத்தை ஆயாச்சே, பார்த்துக்கோ" என்று போனை அக்கா பக்கம் திருப்பினான். பேசாமல் இருப்பதை மறந்துவிட்டான் போல. நினைவு வந்ததும், "ஐயா, அவங்களைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று திருத்திக்கொண்டான்.

பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

சில நாளில் முடிவும் வந்தது. பெரிய டாக்டர் கதவருகே நின்றே சொன்னார். "சுத்தம். ஒண்ணும் முளைக்கல. நாளைக்கு முதல் கேஸ் நீதான்."

தம்பி மெதுவாக அக்காவைப் பார்த்தான். இத்தனை நாளில் முதல் முறையாகத் தெரிந்தே நேராகப் பேசினான்.

"ஒண்ணும் இல்லையாம். கேட்டியா? ஒண்ணுமே இல்லையாம். நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, நான் அவ பக்கத்துல நின்னிருப்பேன். எம் பொண்ணு பொறந்ததை நான் போன்ல பார்த்தேன்க்கா. போன்ல."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. போகத் திரும்பிய டாக்டர்தான் நின்று பதில் சொன்னார்.

"ஒண்ணும் இல்லன்னு இன்னிக்குத் தெரியும்ப்பா. அன்னிக்குத் தெரியாது. தெரியாம உன் தலையைத் திறக்கச் சொல்றியா என்னை?"

தம்பி கூரையைப் பார்த்தான். "நான்தான் டாக்டர் அவளை வெட்டச் சொன்னேன்" என்றான், யாரிடம் என்று இல்லாமல். "கை பஞ்சு மாதிரின்னு சொன்னேன். அப்படிச் சொன்னா அவ எதுவும் செய்வா. எனக்குத் தெரியும்."

மறுநாள் காலை தியேட்டருக்கு முன்னால் இடது பக்கத்து முடியை எடுக்க வார்டு உதவியாளர் ஒரு மெஷினோடு வந்தார். பழைய மெஷின், பற்களில் ஒன்றிரண்டு போயிருக்கும் போல. கரகரவென்று இரைந்தது. அவர் பிடித்த பிடியைப் பார்த்ததுமே அக்காவுக்கு உள்ளங்கை வேர்த்தது. காதுக்கு மேலே ஒரு பாதை, அதற்கு மேலே கோணலாக இன்னொரு பாதை, நடுவில் ஒரு தீவு.

"ஐயா, அந்தக் கோணத்துல..." என்று வாயெடுத்தாள்.

மேஸ்திரி சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். தம்பியும் பார்த்தான்.

அக்கா கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

உதவியாளர் முடித்து, ஊதிவிட்டு, "முடிஞ்சுது, ராஜா மாதிரி இருக்க" என்று சொல்லிப் போனார். பின்மண்டையில் ஒரு குடுமி மாதிரி நாலு முடி தப்பித்து நின்றது. ஸ்ட்ரெச்சர் வந்தது. சிஸ்டர் குழாயை மூடினார்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் தம்பி. "உண்மையைச் சொல்லு."

"நல்லாத்தாண்டா இருக்கு."

"பொய். உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. கேவலமா இருக்கா?"

"மாடு மேஞ்ச வயல் மாதிரி இருக்கு."

அவன் சிரித்தான். சக்கரம் உருள ஆரம்பித்ததும் அவள் கூடவே நடந்தாள், தியேட்டர் கதவுவரைக்கும். அந்த நாலு முடி அவள் கண் முன்னால் ஆடிக்கொண்டே போனது. கைப்பைக்குள் கத்தரி கனத்தது.

"வெளிய வந்ததும், எல்லாம் ஆறினதும், நீயே வெட்டிவிடு" என்றான் தம்பி. "எம் பொண்ணு பயந்துடப் போறா."

"டாக்டர் சொல்லட்டும்டா. அப்புறம் வெட்டறேன்."

கதவு இரண்டாகப் பிரிந்து, அவனை வாங்கிக்கொண்டு மூடியது. அக்கா சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வரிசையில் மூன்றாவது நாற்காலி கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அது அப்படியே நின்றது.